சித்தி வீட்டில் டப்பா பார்ட்டி

*ஹாலில் கேட்லாக், சமையலறையில் பணியாரம், கையில் பில் புக். கொங்கு வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தில் மிஞ்சுவது எவ்வளவு?*

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. சாய்பாபா காலனியில் சித்தி வீடு. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மாடி வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை வளைத்துப் போட்டிருந்தார்கள். டீப்பாயின் மேல் ஆரஞ்சு, பச்சை, ஊதா டப்பாக்கள் கொலு மாதிரி அடுக்கியிருந்தன. சமையலறையில் பணியாரச் சட்டியில் இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தது.

சித்தி அழைத்தது பதினெட்டுப் பேரை. அன்றைக்கு முகூர்த்த நாள் என்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம், அன்னூரில் ஒரு சீர் என்று பாதிப் பேர் போய்விட்டார்கள். வந்தவர்கள் ஏழு பேர். அதில் ஐந்து பேர் சொந்தக்காரர்கள். சித்தி ஒவ்வொரு மூடியையும் திறந்து மூடிக் காட்டினார். சொந்தங்கள் தலையாட்டின. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அதே டப்பாவின் ஆன்லைன் விலையை போனில் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குப் பணியாரம் சாப்பிட்டு, ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மொத்த ஆர்டர் 2,340 ரூபாய். நூற்றுக்கு இருபது கமிஷன் என்றால் 468. பணியாரம், காபி, தேங்காய் பன், வந்தவர்களுக்கு ஆளுக்கொரு குட்டி டப்பா எல்லாம் சேர்த்துச் செலவு 1,100.

கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர் சித்தியின் மாமியார். எங்கள் எல்லோருக்கும் ஆத்தா. "இது யாவாரமில்ல கண்ணு, மொய்யி" என்றார். "இன்னைக்கு அவுங்க வந்து வாங்கிட்டாங்க. நாளைக்கு அவுங்கூட்டுல ஒண்ணு வெச்சா நாம போயி வாங்கோணும். நோட்டுல எழுதி வெச்சுக்கோ."

கோவையில் சேலை, குக்கர், அழகுக் கிரீம், சத்து மாவு என்று எத்தனையோ பார்ட்டிகளுக்குப் போயிருக்கிறேன். ஆத்தா சொன்னதைவிடச் சுருக்கமாக அவற்றை விளக்க எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க ஹாலிலிருந்து ஆர்.எஸ்.புரம் வரை

வீடு தேடி வரும் வியாபாரம் நமக்குப் புதிதில்லை. சிங்காநல்லூர், பீளமேடு மில் குடியிருப்புகளில் மூட்டையோடு வந்து தவணைக்குச் சேலை போட்டுவிட்டுப் போன தவணைக்காரரைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தவர்களும் தெருவில் வந்தார்கள். ஆனால் வாங்குகிறவர்களை ஒரே ஹாலில் உட்கார வைத்து, விருந்தும் போட்டு விற்கும் வித்தை அமெரிக்காவிலிருந்து வந்தது.

ஏர்ல் டப்பர் என்பவர் 1946இல் பிளாஸ்டிக் டப்பாக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கடையில் தூங்கின. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றும் பக்குவத்தை யாராவது கையால் செய்து காட்டினால்தான் அதன் அருமை தெரியும். அதைச் செய்து காட்டியவர் பிரௌனி வைஸ் என்ற பெண். தனியாளாக மகனை வளர்த்தவர். வீட்டு ஹாலில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி அவர் விற்ற வேகத்தைப் பார்த்து, 1951இல் டப்பர்வேர் கடைகளையே கைவிட்டு முழுக்க வீட்டுப் பார்ட்டிக்கு மாறியது. 1954இல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் இடம்பிடித்த முதல் பெண் அவர்தான். 1958இல் அவரை வெளியே அனுப்பியபோது நிறுவனத்தில் அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தொழிலில் இறங்கும் பெண்கள் எல்லோரும் இந்தக் கடைசி வரியைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

தாராளமயத்துக்குப் பிறகு ஓரிஃபிளேம், டப்பர்வேர், மோடிகேர், ஆம்வே என்று வரிசையாக 1995க்கும் 1998க்கும் நடுவில் இந்தியாவில் கடை விரித்தன. ஆம்வே 2015இல் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் தொழிற்சாலையே திறந்தது. கோவைக்கு இந்த வியாபாரம் பொருந்திப்போனதில் ஆச்சரியமில்லை. வாரம் ஒரு கல்யாணம், காது குத்து, புண்ணியார்ச்சனை என்று இங்கே ஆட்கள் சந்தித்துக்கொண்டே இருக்கிறார்கள். கேட்லாக் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டது.

---
பெட்டிச் செய்தி: ஒரு வகுத்தல் கணக்கு

இந்திய நேரடி விற்பனைச் சங்கத்தின் கணக்குப்படி 2022-23இல் நாடு முழுக்க நடந்த நேரடி விற்பனை 21,282 கோடி ரூபாய். இதில் ஈடுபட்டவர்கள் சுமார் 86 லட்சம் பேர்.

வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 24,700 ரூபாய். மாதத்துக்கு 2,060. இது விற்பனைத் தொகை, வருமானம் அல்ல. இதில் கால் பங்கு கையில் நின்றாலும் மாதம் 515 ரூபாய்தான். பெயருக்குச் சேர்ந்தவர்களும், தள்ளுபடி விலையில் தன் வீட்டுக்கு மட்டும் வாங்கிக்கொள்ள உறுப்பினரானவர்களும் இந்த 86 லட்சத்தில் உண்டு. இதில் சம்பாதித்துக் கார் வாங்கியவர்கள் என்று மேடையில் காட்டப்படுபவர்களும் இதே கணக்கில்தான் இருக்கிறார்கள்.

---

விருந்து வைப்பவர் வேறு, விற்பவர் வேறு

சித்தியின் முதல் பார்ட்டி ஏன் படுத்தது என்று யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. பிரௌனி வைஸின் ஏற்பாட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் தன் வீட்டு ஹாலைக் கொடுத்துத் தன் தோழிகளை அழைப்பவர். அவருக்கு ஒரு பரிசு. இன்னொருவர் விற்பவர். அவருக்குக் கமிஷன். பார்ட்டி முடியும்போது வந்தவர்களில் ஒருவர் அடுத்த பார்ட்டிக்கு ஹால் தருவதாக ஒப்புக்கொள்வார். விற்பவர் ஒவ்வொரு வாரமும் முன்பின் அறியாதவர்கள் நடுவே போய் நிற்பார்.

நம் வீடுகளில் இரண்டு வேலையையும் ஒரே பெண் செய்கிறார். தன் ஹால், தன் பணியாரம், தன் சொந்தம். அந்தச் சொந்தத்தின் எண்ணிக்கை எவ்வளவு? தாய்வழி, தகப்பன்வழி, பங்காளி, சம்பந்தி எல்லாம் சேர்த்தாலும் கோவைக்குள் கூப்பிட்டால் வரக்கூடிய பெண்கள் முப்பதைத் தாண்ட மாட்டார்கள். இரண்டு பார்ட்டியில் தீர்ந்துவிடும். மூன்றாவது பார்ட்டிக்கு அதே ஆட்களைக் கூப்பிட்டால் போன் எடுக்க மாட்டார்கள். நான்காவதற்குக் கல்யாண மண்டபத்தில் பந்தி மாறி உட்காருவார்கள்.

ஆகவே வீட்டில் ஒருவர் இதைத் தொடங்கினால் மற்றவர்கள் செய்ய வேண்டிய முதல் உதவி, அவரை நம் சொந்தங்களுக்கு வெளியே கொண்டுபோய்விடுவது. சித்தி தினமும் காலையில் நடக்கப் போவார். அந்தக் கூட்டத்தில் வடவள்ளி அக்கா ஒருவர். அவர் வீட்டு ஹால்தான் எங்கள் இரண்டாவது பார்ட்டிக்கு வாய்த்தது.

கூடமாட ஒத்தாசை

முதலில் நாள். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் கோவையில் யாரையும் எதற்கும் அழைக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சூடு வைத்துச் சொன்ன பாடம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் பர்ஸ் கிடைக்காது, ஆடித் தள்ளுபடி முந்திக்கொள்ளும். மாதக் கடைசி வீண். வார நாளில் வைப்பவர்கள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓடாத ஹாலில் எந்த டப்பாவின் மகிமையும் எடுபடாது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் தங்கம். மில்லிலும் பட்டறையிலும் போனஸ் பேச்சு நடந்துகொண்டிருக்கும், யாருக்கு என்ன கொடுப்பது என்று வீட்டுக்கு வீடு யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது செய்து காட்டுவது. முதல் தடவை சித்தி காலி டப்பாக்களைக் காட்டினார். வடவள்ளியில் ரசத்தை ஊற்றி மூடி, வெள்ளைத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். கால் மணி நேரம் கழித்துத் துண்டைத் தூக்கிக் காட்டினார். சொட்டுக்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்த டப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. அரிசிம்பருப்புச் சாதத்தைப் போட்ட டிபன் மதியம் மூன்று மணிக்குத் திறந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அம்மா கேட்டார். காலையில் கட்டிவைத்த டிபனை அங்கேயே திறந்து சாப்பிடக் கொடுத்தோம். இந்த யோசனை என்னுடையது என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

ஆத்தாவுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தோம். மூட்டுவலிக் கையால் எந்த மூடியைத் திறக்க முடிகிறது என்று எல்லோர் முன்னாலும் திறந்து பார்ப்பது. இரண்டை அவரால் திறக்க முடியவில்லை. "இது ஆவறதில்ல" என்று தள்ளி வைத்துவிட்டார். சித்திக்கு முகம் வாடிப்போயிற்று. அந்த இரண்டும் அன்றைக்கு ஒன்றுகூட விற்கவில்லை என்பது உண்மை. மற்றவை விற்றதற்கு அந்தக் கிழவியின் வாய்தான் காரணம் என்பதும் உண்மை.

விலையை மறைப்பதில் பயனில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் போன் இருக்கிறது. ஆன்லைனில் குறைவாகக் கிடைப்பதை நாமே சொல்லிவிட்டு, அடுத்த பொருளுக்குப் போய்விடுவது மேல். பணம் அன்றே, ஜிபேயில், முழுதாக அல்லது பாதியாக. "அப்புறம் தர்றேன் அக்கா" என்று போன 600 ரூபாய்க்காக இரண்டு குடும்பங்கள் ஒரு வளைகாப்பில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிவது பார்ட்டியோடு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை பார்சலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறம் மாறி வரும், மூடி இல்லாமல் வரும், ஒருவர் கேட்டது மூன்று, வந்தது இரண்டு என்றிருக்கும். யாருக்கு எது என்று பெயர் ஒட்டி, வடவள்ளிக்கும் துடியலூருக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைதான் வீட்டு ஆட்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. பத்து நாளுக்குள் பொருள் கைக்கு வரவில்லை என்றால் அடுத்த தடவை அந்த வீட்டில் பணியாரமே கிடைக்காது.

செய்யக் கூடாத உதவி ஒன்று உண்டு. தேவையில்லாமல் வாங்குவது. சித்தி மனம் நோகக் கூடாது என்று நான் முதல் பார்ட்டியில் வாங்கிய ஊறுகாய் டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. நான் வாங்கியதை விற்பனை என்று நம்பித்தான் சித்தி அடுத்த மாதத்துக்கு இரண்டு மடங்கு இலக்கு ஒப்புக்கொண்டார்.

கட்டிலுக்கடியில் ஒரு கிட்டங்கி

அந்த இலக்குதான் பல வீடுகளைக் கவிழ்க்கிறது. மாதக் கடைசி நெருங்கும். இன்னும் நாலாயிரத்துக்கு ஆர்டர் போட்டால் அடுத்த படி, ஒரு குக்கர் பரிசு, மேடையில் பெயர் வாசிப்பார்கள் என்று, சேர்த்துவிட்டு மேல்படியில் இருப்பவர் போன் செய்வார். கணவரின் கிரெடிட் கார்டில் ஆர்டர் போகும். அந்தப் பொருள் கட்டிலுக்கடியில் சேரும். கிரகப்பிரவேசத்துக்கெல்லாம் அதிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் ஊரே சொல்லும், அவங்க வீட்டு மொய் டப்பாதான் என்று.

நெருங்கிய சொந்தத்தில் ஒரு வீட்டில் சத்துப் பவுடர் அப்படித்தான் சேர்ந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காலாவதியான பிறகு தென்னைக்குப் போட்டார்கள். தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டு அத்தையிடம் மட்டும் பவுடர் பேச்சை எடுக்கக் கூடாது.

கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா, முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாஞ் செரி, உன்ர லேபர் எவ்வளவு?" ஜாப் ஆர்டர் எடுத்துப் பழகிய ஊர் இது. பீஸுக்கு எவ்வளவு, மணிக்கு எவ்வளவு என்று பார்க்காமல் யாரும் இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள். ஆனால் வீட்டுப் பெண்ணின் நேரத்துக்கு மட்டும் கூலி போட்டுப் பார்ப்பதில்லை. சித்தப்பா கேட்டதில் கொஞ்சம் கேலியும் இருந்தது. ஆனால் கேள்வி சரி.

வடவள்ளிக் கணக்கு இது. வந்தவர்கள் பதினொரு பேர், சொந்தம் மூன்றே பேர். ஆர்டர் 9,460 ரூபாய். கமிஷன் 1,892. ஹால் கொடுத்த அக்காவுக்குப் பரிசு, பலகாரத்தில் பாதி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 880 போனது. மிஞ்சியது 1,012. அழைத்தது, பேசியது, பிரித்தது, கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் சேர்த்துப் பதினான்கு மணி நேரம். மணிக்கு 72 ரூபாய்.

அந்த 1,012 ரூபாய்

இவ்வளவுதானா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். சித்திக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். கழுத்தில் காதில் குறையில்லை, பீரோவில் பட்டுக்குக் குறையில்லை. ஆனால் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட சித்தப்பாவிடம்தான் கேட்க வேண்டும். வசதியான கொங்கு வீடுகள் பலவற்றில் நிலைமை இதுதான். தோட்டமும் பட்டறையும் குடும்பத்தின் பெயரில் இருக்கும், வேலையில் பெண்ணின் கையும் இருக்கும், காசு மட்டும் அவர் கைக்குத் தனியாக வராது.

சித்தி தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கினது இந்த டப்பாவால்தான். போனில் பணம் வந்து விழுந்த சத்தத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்புக்கு மணிக்கூலி போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதனால்தான் "இதெல்லாம் வேண்டாம் சித்தி" என்று நான் சொல்லவில்லை. அதே காரணத்தால்தான் கணக்கு எழுதச் சொன்னேன். அந்தச் சிரிப்பைக் காட்டித்தான் ஆள் சேர்ப்பவர்களும் வருகிறார்கள்.

---
பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. அவற்றின்படி:

சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. செய்து காட்டும் பொருளுக்கும் காசு கேட்கக் கூடாது. விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு விற்கப் போகக் கூடாது. விலை, திருப்பிக் கொடுக்கும் முறை, உத்தரவாதம் எல்லாவற்றையும் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். ஆள் சேர்ப்பதற்காகவே பணம் தரும் பிரமிடு திட்டங்களுக்குத் தடை.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று சொல்லி எதையும் விளம்பரம் செய்ய 1954ஆம் வருடச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

புகாருக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

---

டப்பா போய் ஆள் வந்தால்

பார்ட்டியில் டப்பாவைப் பற்றிப் பேசும்வரை அது வியாபாரம். "நீங்க வாங்க வேண்டாம், சும்மா சேருங்க, கீழ நாலு பேரைச் சேர்த்து விடுங்க" என்று பேச்சு திரும்பினால் எழுந்து செருப்பைத் தேடுங்கள்.

இதை மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊராரிடம் முதலீடு வாங்கிய பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் 2012இல் கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டோம். திருப்பூர் பாசி நிறுவனம் பல நூறு கோடி ரூபாயைச் சுருட்டிய வழக்கில், கோவை சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2024 ஜனவரியில் மைவி3 ஆட்ஸ் மீது வழக்குப் பதிவானதும், போனில் விளம்பரம் பார்த்தே சம்பாதிப்பதாகச் சொன்ன ஆயிரக்கணக்கானோர் நீலம்பூரில் திரண்டு நிறுவனத்துக்கு ஆதரவாக நின்றார்கள். மோசடி இல்லை என்றது நிறுவனம். அந்தக் கூட்டத்தில் என்னை யோசிக்க வைத்தது ஒன்றுதான். அங்கே நின்றவர்களில் எத்தனை பேரைச் சேர்த்துவிட்டது சொந்த அக்காவும் மாமனும்? கேள்வி கேட்டால் உறவு போய்விடுமோ என்ற பயம்தான் இத்தகைய திட்டங்களின் முதலீடு.

பெரிய நிறுவனம் என்பதாலேயே நிம்மதி அடையவும் முடியாது. ஆம்வே இந்தியாவின் 757 கோடி ரூபாய் சொத்துகளை 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை முடக்கியது. அது பிரமிடு திட்டம் என்பது துறையின் வாதம். 2011இல் தொடங்கிய விசாரணைக்கு ஒத்துழைத்து வருவதாக நிறுவனம் சொன்னது. டப்பர்வேரோ விற்பனை சரிந்து, கடன் ஏறி, 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சேலை விற்பவர்களுக்கு இன்று ஹாலும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். சித்தியின் தொழிலுக்கே எவ்வளவு ஆயுள் என்பதும் கேள்விதான்.

போன வாரம் பீளமேட்டில் ஒரு அபார்ட்மெண்டிலிருந்து ஹால் தருவதாகச் செய்தி வந்திருக்கிறது. சித்தி முதலில் பஞ்சாங்கத்தை எடுத்தார். எனக்கு ஒதுக்கிய வேலை பில் எழுதுவதும் பார்சல் பிரிப்பதும். வாங்கக் கூடாது என்று உத்தரவு.

முதல் பார்ட்டிக்கு வந்த ஏழு பேரின் பெயரை ஆத்தா நிஜமாகவே மொய் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான்கு பேர் வீட்டு விற்பனைக்குப் போய் வாங்கிக் கழித்தாயிற்று. மூன்று பேருக்கு இன்னும் பாக்கி.